ரத்தம் பட்டால் மட்டும்

டாக்டர் ஒவ்வொரு தடவையும் முதலில் தலையைத்தான் அளப்பார். எடை, சளி, காய்ச்சல் எல்லாம் பிறகு. தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதுபோன்ற ஒரு நாடாவைப் புருவத்துக்கு மேலே தொடங்கிப் பின்னந்தலைப் புடைப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, எண்ணைப் பார்த்து, அட்டையிலிருந்த வளைகோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி கோட்டுக்கு மேலே விழுகிறதா கீழே விழுகிறதா என்று நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பேன். கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. உள்ளே மூளை வளர வளர அவை விலகி இடம் கொடுக்கும். மூளை நின்றால் மண்டையும் நின்றுவிடும். இதை அவர் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் ஒன்றரை வருடம் எங்கள் வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் அந்த நாடாவில்தான் இருந்தது.

குழந்தை என் அக்கா சாரதாவின் மகன். பெயர் பாலு.

நாங்கள் மலேசியாவில் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்கள். அக்கா ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் இடைநிலைப் பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரை படித்துத் தேறினேன். மலாய்க் கடிதத்தையும் ஆங்கிலக் கடிதத்தையும் வாசித்து அர்த்தம் சொல்லக்கூடிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் யார் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் "மல்லிகாட்ட காட்டு" என்பார்கள். காட்டினால் சொல்வேன். நான் சொன்னதை யாரும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததில்லை.

சுங்கைப் பட்டாணிப் பக்கம் ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பகுதியில் எனக்கு எழுத்து வேலை. எய்ட்ஸ் பயத்தால் உலகத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளெல்லாம் கையுறை கேட்ட காலம் அது. எங்கள் இயந்திரங்கள் நிற்கவே இல்லை. "எய்ட்ஸ் நல்லா இருக்கட்டும்லா, நமக்கு ஓவர்டைம் கெடைக்குது" என்று பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பாலுவின் அப்பா, அதாவது எங்கள் மாமா, பாலிங் பக்கம் மரம் ஏற்றும் லாரி ஓட்டினார். அங்கே போதை ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் பிடித்துக்கொண்டது. நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர் திரும்பவில்லை. அவருடைய ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருந்தது என்று சொல்லி அக்காவையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். அப்போது அவளுக்கு எட்டு மாதம். முடிவு வந்தபோது குழந்தை பிறந்து ஐந்து நாள்.

அந்த அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அம்மா வேலைக்குப் போகும் நீலச் சட்டையோடு வந்திருந்தாள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, சிறிய உருவம், மெதுவாகப் பேசுகிறவர். அவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

கிருமி உடம்புக்குள் வந்தால் அதை எதிர்க்க உடம்பு ஒரு பொருளை உண்டாக்கும். பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, அந்த எதிர்ப்புப் பொருளைத்தான். தாயின் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் வந்துவிடும். அது கரைந்துபோக ஒன்றரை வயதாகும். அதுவரை இந்தப் பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்தால் "இருக்கிறது" என்றுதான் காட்டும். கிருமியே இல்லாத பிள்ளைக்கும் அப்படித்தான் காட்டும்.

"அப்ப இவனுக்கு இருக்கா இல்லியா?" என்றாள் அம்மா.

"ஒன்னரை வயசுலதான் தெரியுமாம்மா."

"என்ன டெஸ்ட்டுலா இது? மாடு சினையான்னு மூணு மாசத்துல சொல்லிர்றானுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். தையல் போட்ட இடம் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் தொடர்ந்து சொன்னார். கிருமி சில குழந்தைகளின் மூளைக்குள் போய்விடும். போனால் தலை வளர்வது நின்றுவிடும். கற்றுக்கொண்டதைக் குழந்தை மறக்கும். சிரித்த குழந்தை சிரிக்காது, பிடித்த குழந்தை பிடிக்காது. கை கால் விறைக்கும். அதனால் மாதம் ஒரு முறை கொண்டு வாருங்கள், அளந்து பார்ப்போம். தாய்ப்பால் வேண்டாம்.

அம்மா கேட்டாள்: "புள்ளையத் தொடலாமான்னு கேளு."

கேட்டேன். டாக்டர் சொன்ன பதில் எனக்குத் தெளிவாகவே விளங்கியது. ரத்தம் பட்டால் மட்டும் கையுறை, புண் இருந்தால் மட்டும் கையுறை. மற்ற நேரமெல்லாம் எல்லாப் பிள்ளையையும் போலத் தூக்குங்கள், கொஞ்சுங்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள்.

நான் அம்மாவிடம் சொன்னது: "எப்பத் தொட்டாலும் கையுறை போடணுமாம். அக்காவுந்தான்."

எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. டாக்டரை நான் நம்பவில்லை. பெட்டி பெட்டியாகக் கையுறை கப்பலேறுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். பெரிய பெரிய ஊர் டாக்டர்களே இவ்வளவு பயப்படும்போது, இவர் நம்மைத் தோட்டத்து ஆள் என்று லேசாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பயம் என் உடம்பைப் பற்றித்தான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்ததால், அதை டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அக்காவை ஏன் சேர்த்தேன் என்றால், அவள் வியர்வையிலிருந்து குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் போய்விடக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"எத்தன ஜோடி வேணும்?" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

கையுறைக்குப் பஞ்சமில்லை. எங்கள் பகுதியில் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த மூட்டையே கழிவு. சட்டி கழுவ என்று சொல்லி வாரம் ஒரு பை கேட்டு வாங்கிவந்தேன். ஊசிமுனை அளவு ஓட்டைதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்த அதே ஆள்தான், வெறுங்கையால் ஒரு நிமிடம் தொட்டாலும் செத்துவிடுவோம் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

பாலு வளர்ந்தது ஏணையில். உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் கைலித் துணியைக் கட்டிய ஏணை. எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளையும் ஏணையில்தான் தூங்கும். ஆனால் விழித்ததும் யாராவது தூக்கிக்கொள்வார்கள். பாலுவை அப்படித் தூக்குவதில்லை. கையுறை தேடி மாட்டுவதற்குள் அழுகை கூடிவிடும். அதனால் ஏணையில் ஒரு கயிறு கட்டி அடுப்படி வரை இழுத்து வைத்தேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கால் கட்டைவிரலால் இழுப்பாள். ஏணை மேலும் கீழும் ஆடும். அவன் துணிக்குள்ளேயே கிடப்பான். பால் புட்டியைச் சின்னத் தலையணையில் சாய்த்துக் கொடுக்கவும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு அவனைத் துண்டில் சுற்றித்தான் தூக்கிப் போவேன், கையுறை யார் கண்ணிலும் படாது. அக்கம்பக்கத்தில் அக்காவுக்குக் காசநோய் என்று சொல்லிவைத்திருந்ததால் யாரும் பிள்ளையைக் கேட்டு வரவில்லை.

அக்காவுக்குத் தெம்பு இருக்கும் நாட்களில் அவளே குளிப்பாட்டுவாள். கையுறை போட்டுக்கொண்டுதான். கையுறையின் மணிக்கட்டுப் பக்கம் சுருண்ட ஒரு விளிம்பு இருக்கும். பாலு அதை விரலால் நிமிண்டிக்கொண்டே இருப்பான். பிள்ளைகள் தாயின் தாலியைப் பிடிப்பார்கள், தலைமுடியைப் பிடிப்பார்கள். இவன் அந்த விளிம்பைப் பிடித்தான்.

"பாரு, ரப்பர் காட்டுப் புள்ள ரப்பரத்தான் புடிக்கிறான்" என்பாள் அக்கா.

நான்காம் மாதம் வரை புள்ளிகள் கோட்டோடு போயின. அப்புறம் கீழே இறங்கத் தொடங்கின. ஏழாம் மாதம் குப்புறப் படுக்கவைத்தால் தலையைத் தூக்கவில்லை. எட்டாம் மாதம் உட்காரவில்லை. விரல்களை மூடியே வைத்திருந்தான். டாக்டர் தூக்கினால் கட்டைபோல் விறைத்து முதுகை வளைத்தான். டாக்டர் அட்டையில் எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மருந்துச்சீட்டு வாங்கும் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருப்பேன். அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "எவ்ளோ?" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். போன மாத எண் அவருக்கும் மனப்பாடம். தலையை ஆட்டிவிட்டு, குடையை விரித்துப் பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டு நடப்பார். வெயிலோ மழையோ, அந்தக் குடையை அவர் தனக்குப் பிடித்ததில்லை.

பத்தாம் மாதம் பாலுவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். அதே வாரம் அக்காவும் மேல்மாடிப் பெண்கள் வார்டில் படுத்துவிட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூளைக்குப் போயிருக்கலாம்" என்றார். அவர் முன்பு வரிசையாகச் சொன்னவற்றில் ஒவ்வொன்றும் இவனிடம் இருக்கிறது. பரிசோதனை முடிவு வர இன்னும் எட்டு மாதம். அதுவரை இந்தப் பிள்ளை இருக்குமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை.

வார்டில் ஒரு மலாய் மிஸி இருந்தார். எங்கள் பக்கம் தாதியை மிஸி என்றுதான் சொல்வோம். வயதில் என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், அரட்டைக்காரி. வெறுங்கையால் பாலுவின் சட்டையை மாற்றுவார், முதுகைத் தட்டுவார். நான் ஓரடி தள்ளி நின்றுகொள்வேன். அவர் கை பட்டதும் பாலு விறைத்துக்கொண்டு கத்துவான். "ஏம்பா, நான் அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்று மலாயில் அவனைக் கேட்பார்.

ஆறாம் நாள் காலை ரத்தம் எடுக்க வந்தார். அதற்காகக் கையுறை போட்டார். பாலுவின் கையைப் பிடித்தார். அவன் விறைக்கவில்லை. உடம்பு தளர்ந்தது. மூடியிருந்த விரல்கள் திறந்து, மிஸியின் மணிக்கட்டுக்குப் போய், சுருண்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

மிஸி ஊசியைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டார். விறைத்தான். மாட்டிக்கொண்டு தொட்டார். தளர்ந்தான். போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டரும் மூன்று தடவை செய்து பார்த்தார். பிறகு என்னையும் கட்டிலருகே இருந்த அம்மாவையும் பார்த்து மலாயில் கேட்டார்: "வீட்டில் இவனை எப்படித் தொடுவீர்கள்?"

அம்மாவுக்குச் சந்தையில் பேசும் பாசார் மலாய் தெரியும். அவளே பதில் சொன்னாள். "எப்பவும் கையுறையோடதான், டாக்டர். அந்த அஞ்சாம் நாள்லேர்ந்து ஒரு நாள் கூட வெறுங்கையால தொட்டதில்ல. அவன் அம்மா கூடத் தொட்டதில்ல. நீங்க சொன்ன மாதிரியே." முகத்தில் ஒரு பெருமை. பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பித்த பிள்ளையின் முகம்போல இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஏணையைப் பற்றிக் கேட்டார், கயிற்றைப் பற்றிக் கேட்டார், புட்டியைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சொன்னேன். அப்புறம் ஆங்கிலத்தில், மெதுவாக, என்னிடம் பேசினார்.

பிறக்கும்போது மூளை பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதி வேலை வெளியேதான் நடக்கிறது. அதற்குப் பால் மட்டும் போதாது. தூக்கினால் கழுத்து பலப்படும். தரையில் விட்டால் முதுகு பலப்படும். முகத்துக்கு எதிரே முகம் வந்து பேசினால் பேச்சு வரும். தோல் பட்டால் பயம் போகும். இவனுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. இந்த விறைப்பு கிருமியாலும் இருக்கலாம், இதனாலும் இருக்கலாம், அம்மா வயிற்றில் இருந்தபோதே ஏதாவது ஆகியிருக்கலாம். எது எதனால் என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "நான் இப்போது சொன்னதை உன் அம்மாவிடம் சொல். முழுவதும் சொல்" என்றார்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கே அவங்க இதச் சொல்லலியா?"

"சொன்னாங்கம்மா."

அம்மா தன் பையிலிருந்து கையுறைக் கட்டை எடுத்தாள். அதை என் கையில் வைத்தாள். "நீ படிச்ச புள்ளன்னுதான் ஒன்னக் கேட்டோம்" என்றாள். அதற்கு மேல் அன்றும் பேசவில்லை, பிறகும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அக்காவிடம் சொல்வதற்கு மாடிப்படி ஏறினேன். அவள் மிகவும் இளைத்திருந்தாள். வாயில் வெள்ளைப் புண். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கையுறையெல்லாம் நீ கழிவுலேர்ந்துதான எடுத்துட்டு வந்த?"

"ஆமா."

"ஓட்டக் கையுற."

"ஆமாக்கா."

"அப்ப ஓட்ட வழியா கொஞ்சமாச்சும் தொட்டிருக்கேன்லா."

அவள் சிரிக்க முயன்றாள். எனக்கு அழுகை வந்தது. "அழாத மல்லி. நீ சொல்லலன்னாலும் நானே போட்டிருப்பேன். எனக்கும் பயந்தான்" என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் தெரிந்துகொண்டதும் அவளுக்குத் தெரியும்.

மிஸி தலைமைத் தாதியிடம் கேட்டுப் பாலுவை மாடிக்குக் கொண்டுவந்தார். பிறந்த அந்த ஐந்து நாளுக்குப் பிறகு, பத்து மாதத்தில் முதல் தடவையாக அக்கா தன் பிள்ளையின் கன்னத்தை வெறுங்கையால் தொட்டாள். பாலு விறைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினான். அவள் கையை எடுக்கவில்லை. "பழகிருவான்" என்றாள். மறுநாளும் கொண்டுவந்தோம். அதற்கு அடுத்த நாளும். ஒன்பது நாள் கொண்டுவந்தோம். விழித்திருக்கும்போது அவன் ஒரு நாளும் அவள் கையை ஏற்றுக்கொள்ளவில்லை. தூங்கும்போது மட்டும் அந்தக் கை கன்னத்தில் இருக்க விட்டான். அதனால் அவன் தூங்கும் மத்தியான நேரமாகப் பார்த்து மிஸி கொண்டுவரத் தொடங்கினார். அக்கா மூச்சுக் கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

பாலு குணமாகி வீட்டுக்கு வந்தான். அக்கா வரவில்லை. அடுத்த மாதம் அந்தக் கட்டிலிலேயே போய்விட்டாள். ஆஸ்பத்திரி ஆட்கள் பெட்டியைத் திறக்காமல் புதைக்கச் சொன்னார்கள். கையுறை போட்ட நாலு பேர் இறக்கினார்கள்.

ஏணையை அப்பா கழற்றினார். கூடத்தில் பாய் விரித்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் பாலுவைத் தூக்கினோம். இடுப்பில் வைத்தால் பிள்ளைகள் காலால் கவ்விக்கொள்ளும். இவனுக்குக் கவ்வத் தெரியாது, நழுவுவான். பதிமூன்றாம் மாதம் உட்கார்ந்தான். பதினைந்தாம் மாதம் தவழ்ந்தான். தலைப் புள்ளி கீழ்க்கோட்டை ஒட்டியே போனது. ஆனால் தலை வளர்வது நிற்கவில்லை.

இதை எழுதுவது, எங்கள் தோட்டங்களில் இப்படி ஒரு பிள்ளை இன்னொரு வீட்டிலும் பிறக்கலாம் என்பதால். அந்த வீட்டிலும் என்னைப் போலப் படித்த பெண் ஒருத்தி டாக்டருக்கும் தாய்க்கும் நடுவில் நிற்கலாம். அவளுக்குச் சொல்கிறேன்: தொட்டால் வராது. குளிப்பாட்டினால் வராது. முத்தம் கொடுத்தால் வராது. ரத்தம் பட்டால் மட்டும். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று உன் பெயரில் சொல். டாக்டர் பெயரில் சொல்லாதே.

ஒன்றரை வயதில் ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று நானும் பாலுவும் மட்டும்தான் போனோம். டாக்டர் தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சொன்னார். மிஸி வந்து பாலுவைத் தூக்கிச் சுற்றினார். நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் டாக்டர் சொன்னதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாதென்று.

அம்மா லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா பின்னால்.

"என்ன சொன்னாங்க?"

"கிருமி இல்ல. எதிர்ப்புப் பொருள் கரைஞ்சிருச்சு. மூளை பின்தங்கித்தான் இருக்கு. எவ்ளோ தேறும்னு இப்ப சொல்ல முடியாது. தூக்கி வச்சிருங்க, பேசிக்கிட்டே இருங்க. ஆறு மாசம் கழிச்சு வரணும்."

"அவ்வளவுதான் சொன்னாங்களா?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள்.

பாலுவுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. நான்கு சொற்கள் பேசுகிறான். பிடித்துக்கொண்டு நடக்கிறான். வெறுங்கையால் தொட்டால் அழுவதில்லை. ஆனால் தூக்கம் வரும்போது என் கையை இழுத்து வைத்துக்கொண்டு, மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி விரலால் தடவுவான். அங்கே ஒரு விளிம்பு இருக்க வேண்டும். அதைத் தேடிக்கொண்டே தூங்கிப்போவான்.